எட்டாவது ரீல்

எஸ்தர் டீச்சர் எங்கள் வீட்டு கேட்டைத் திறக்கவில்லை. வெளியிலேயே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தார். கையில் பைபிள், பாட்டுப் புத்தகம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரப் பத்திரிகை செருகியிருந்தது. நான் அப்போது சினிமாப் பத்தி எழுதிக்கொண்டிருந்த பத்திரிகை.

அறுபதுகளின் பின்பாதி அது. கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் போகும் வழியில் குடியிருந்தோம். டீச்சர் வீடு இரண்டு தெரு தள்ளி. பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்துபவர். அவர் கணவர் ஞானமுத்து மாஸ்டர் வேறொரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர். தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்லிக்கொள்வோம். அதற்கு மேல் பழக்கம் கிடையாது.

"இதுல சினிமா எழுதறது நீங்கதானாமே சார். போஸ்ட்மேன் சொன்னார்."

நான் புனைபெயரில்தான் எழுதினேன். ஆனால் வாராவாரம் பத்திரிகை என் சொந்தப் பெயருக்குத் தபாலில் வந்தது. தபால்காரரிடம் எந்தப் புனைபெயரும் செல்லாது.

ஆமாம் என்றேன். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. பத்திரிகையைப் பிரித்து, பென்சிலால் கோடிட்ட இடத்தைக் காட்டினார். நான் எழுதியிருந்தது இதுதான்:

"கதாநாயகியின் தந்தையாக வருபவர் இரண்டு காட்சிகளில் எட்டிப் பார்த்துவிட்டுக் காணாமல் போகிறார். இவருடைய நடிப்பைப் பார்த்துவிட்டு மிச்சத்தை இயக்குநரே வெட்டி எறிந்துவிட்டார் போலும். அந்த மட்டில் இயக்குநருக்கு நம் நன்றி."

"அந்த அப்பா அவர்தான் சார்," என்றார் டீச்சர்.

படத்தில் அவருக்கு நரைமுடி வைத்திருந்தார்கள். கண்ணாடி வேறு. தினமும் தெருவில் பார்க்கிற மனிதர் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"நான் சண்டை போட வரலை. ஒரே ஒரு கேள்வி. அவர் சீனை வெட்டிட்டாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை.

பையில் இருந்த கடிதம்

கேட்டுக்கு வெளியே நின்றபடியே டீச்சர் சொன்னதன் சுருக்கம் இது.

மாஸ்டருக்கு நாடகப் பைத்தியம். கிறிஸ்துமஸ் நாடகங்களில் பல வருடம் நடித்தவர். பழைய நண்பர் ஒருவர் மூலம் இந்தப் பட வாய்ப்பு வந்தது. இரண்டு சின்னக் காட்சிகள், ஒரு பெரிய காட்சி. பெரிய காட்சியின் வசனத்தை ஒரு மாதம் வீட்டில் ஒத்திகை பார்த்தார். காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் டீச்சர். அவருக்கும் மனப்பாடம்.

பட்டணத்தில் படம் இரண்டு வாரம்கூட ஓடவில்லை. பரீட்சை சமயம், இருவராலும் போக முடியவில்லை. தாம்பரம் டென்ட் கொட்டகைக்கு வந்ததும் ஒரு சனிக்கிழமை போனார்கள். பெரிய காட்சி வரவே இல்லை.

அடுத்த வாரம் என் பத்தி வந்தது. மாஸ்டர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "வெளியில இருக்கிறவங்களுக்கே தெரிஞ்சுபோச்சு எஸ்தர்," என்றாராம்.

அதற்குப் பிறகுதான் அதே கம்பெனியிலிருந்து இன்னொரு கடிதம் வந்திருக்கிறது. அடுத்த படத்தில் ஹெட்மாஸ்டர் வேஷம். வருகிற திங்கள் இல்லை, அதற்கு அடுத்த திங்கட்கிழமை கோடம்பாக்கத்துக்கு வரவேண்டும் என்று. வெட்டிப் போட்ட மனிதனைப் பாவம் பார்த்துக் கூப்பிடுகிறார்கள் என்று மாஸ்டர் நினைத்தார். வரமுடியாது என்று பதில் எழுதி, ஒட்டி, தபாலில் போடச் சொல்லி மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

"நாலு நாளா பையிலேயே இருக்கு," என்று டீச்சர் தோள்பையைத் தொட்டுக் காட்டினார். "நீங்க எழுதினது நிஜம்னா சொல்லிடுங்க. போற வழியில பெட்டியில போட்டுட்டுப் போயிடறேன். இனிமே அவர் நடிக்கவே வேண்டாம்."

செவ்வாய்க்கிழமை வரை தபாலில் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

கறாரான அபிப்பிராயங்கள்

நான் எப்படி விமரிசகன் ஆனேன் என்று இந்தத் தொடரைப் படிக்கும் ஓர் அன்பர் முன்பே கேட்டிருந்தார். பெரிய கதை இல்லை. ஆசிரியருக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். வெளியான படங்களின் பிழைகளைத் தேதிவாரியாகச் சுட்டிக்காட்டும் கடிதங்கள். தொல்லை தாங்காமல் ஆசிரியர் என்னையே பத்தி எழுதச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை படம் வரும். அலுவலகம் விட்டு மவுண்ட் ரோடு கொட்டகை ஒன்றில் பார்ப்பேன். மறுநாள் காலை மின்சார ரயிலில், தாம்பரத்துக்கும் கோட்டைக்கும் நடுவில், மடியில் அட்டை வைத்து எழுதிவிடுவேன்.

அபிப்பிராயங்கள் கறாரானவை. இரட்டை வேடம் எனக்குப் பிடிக்காது. இருவரில் ஒருவர் எப்போதும் மீசையை நம்பியே வாழ்வார். கோர்ட்டில் முடிகிற படம் பிடிக்காது. கலர்ப் படம் என்றால், புடவையைக் காட்ட எடுத்தார்களா, கதையைக் காட்ட எடுத்தார்களா என்று எழுதுவேன். கதைக்குச் சம்பந்தமே இல்லாத நகைச்சுவைப் பகுதிதான் பல படங்களில் எனக்குப் பிடித்தது. ஆனால் அதை எழுதியதில்லை. வெட்கம்.

ரயிலில் எனக்கு எதிரே பல்லாவரத்தில் ஏறுகிற ஒரு நண்பர் இருந்தார். நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "நீங்க படம் எப்படின்னு எழுதறீங்க. தியேட்டர்ல ஏ.சி. ஓடுதா இல்லையான்னு எழுதுங்க சார், நாலு பேருக்குப் பிரயோஜனம். நான் தூங்கத்தானே போறேன்."

அந்தக் காலத்தில் ஏளனமாக எழுதுவதுதான் விமரிசனம் என்று நான் மட்டுமல்ல, பலரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு வரி கடிப்பதுபோல் அமைந்துவிட்டால் ரயிலில் உட்கார்ந்தபடி எனக்கு நானே சிரித்துக்கொள்வேன். "அந்த மட்டில் நன்றி" என்று எழுதிய காலையிலும் சிரித்தேன். கிண்டி தாண்டும்போது என்று நினைவிருக்கிறது.

பத்து நிமிடம் காணவில்லை

டீச்சர் போனதும் குறிப்பேட்டை எடுத்தேன்.

பார்த்த படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவது என் வழக்கம். கொட்டகை, வகுப்பு, தொடங்கிய நேரம், இடைவேளைகள், முடிந்த நேரம். படத்துக்கு முன் திரையில் ஒரு நிமிடம் வந்துபோகும் சென்சார் சர்ட்டிபிகேட்டைப் பார்த்து, மொத்தம் எத்தனை ரீல் என்பதையும் குறித்துக்கொள்வேன். எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. சிலர் ரயில் எஞ்சின் நம்பரைக் குறித்துக்கொள்வதுபோல.

இந்தப் படத்தை நான் மவுண்ட் ரோட்டில் பார்க்கவில்லை. அது வந்த வெள்ளிக்கிழமை எனக்குக் கடும் ஜுரம். எழுந்தபோது படத்தை எடுத்துவிட்டார்கள். பிறகு எங்கள் ஊர் டென்டுக்கு வந்தபோது, மாலைக் காட்சியில் பார்த்தேன். மணல் தரையில் கூட்டம். நான் பின்னால் நாற்காலியில். ஒரே புரொஜெக்டர் என்பதால் மூன்று இடைவேளை. டென்டில் பார்த்தேன் என்று ஆசிரியரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

குறிப்பேட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பதினைந்து ரீல். தொடக்கம் ஆறே முக்கால். முடிவு ஒன்பது முப்பத்தாறு. இடைவேளைகள் சேர்த்து இருபத்து நான்கு நிமிடம்.

ஒரு ரீல் ஓடப் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். பதினைந்து ரீலுக்கு இரண்டு மணி முப்பத்தேழு நிமிடமாவது ஆகவேண்டும். இடைவேளையைக் கழித்தால் நான் பார்த்தது இரண்டு மணி இருபத்தேழு.

மறுபடி கழித்துப் பார்த்தேன். அதேதான் வந்தது. ஒரு ரீலின் நேரம் குறைந்தது. இயக்குநர் வெட்டியிருந்தால் சர்ட்டிபிகேட்டில் பதினைந்து என்று இருக்காது. கணக்கு என் கையெழுத்திலேயே என் மேசையில் மூன்று வாரமாக இருந்திருக்கிறது. கூட்டிக் கழிக்காமல்தான் நான் தீர்ப்பு எழுதியிருந்தேன்.

கோபால் சொன்ன காரணம்

திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து வந்ததும் டென்டுக்குப் போனேன். ஆபரேட்டர் கோபால் புரொஜெக்டர் அறை வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது ஆள். ஒளிவு மறைவு தெரியாதவர். ஒரு ரீல் குறைகிறதே என்று கேட்டேன்.

"அத்தையா கேக்குற? எட்டாம் ரீலு சார் அது. பல்லாவரம் டென்ட்டுக்கும் நமக்கும் சேத்து ஒரே பிரிண்டு. அவன் ஓட்டி முடிக்க முடிக்க சைக்கிள்ல இங்க வரும். மொத நாளு எட்டு வர்ல. ரயில்வே கேட்டாண்ட கூட்ஸ் வண்டி நின்னுகினு கீது, நம்ம ஆளு அந்தாண்ட நின்னுகினு கீறான். ஜனம் விசிலடிக்குது. ஒம்போத ஏத்தி வுட்டேன்."

"அது முதல் நாள். நான் பார்த்தது நாலாம் நாள்."

"ஒருத்தனும் கேக்கல சார். அப்பால இன்னாத்துக்கு பேஜாருன்னு டெய்லி எட்ட வுட்டுட்டோம். அதுல பாட்டு கெடையாது, ஃபைட்டு கெடையாது. ஒரு பெரியவரு குந்திகினு பேசிகினே இருப்பாரு." டீ கிளாசைக் கீழே வைத்தார். "நீகூடத்தான் சேர்ல குந்திகினு நோட்டுல எழுதிகினு இருந்த. நீயும் கேக்கலியே."

கேட்கவில்லைதான். ஒரு காட்சியில் புருஷன் வீட்டுக்கே திரும்பமாட்டேன் என்ற கதாநாயகி, அடுத்ததில் அவனுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைக் கதாசிரியரின் சோம்பல் என்று எழுதியிருந்தேன். கொட்டகையில் இருந்த இருநூறு பேரும் நானும் அந்தப் பள்ளத்தைத் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறோம்.

படம் இப்போது எங்கே என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை முதல் கூடுவாஞ்சேரி டென்டில் என்றார். அங்கே பிரிண்டைப் பங்கு போடுவதில்லையாம்.

மாஸ்டர் வீட்டில்

செவ்வாய் மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவர் முழுக்க மாஸ்டர் வரைந்த படங்கள். மாஸ்டருக்கு அப்போது ஐம்பது இருக்கலாம். அந்தப் பத்தியை எழுதியவன் நான்தான் என்று முதலிலேயே சொன்னேன். அவருக்குத் தெரியாது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ரீல் கணக்கைச் சொன்னேன். குறிப்பேட்டைக் காட்டினேன். கோபால் சொன்னதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல மனசு சார் உங்களுக்கு," என்றார். "எழுதினது உறுத்துது. அதுக்காக ஒரு கணக்கு போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க."

என் அச்சிட்ட வரியை நம்பியவர், நான் நேரில் சொன்னதை நம்பவில்லை. அச்சில் ஏறிவிட்டால் ஒரு வரிக்கு ஒரு பலம் வந்துவிடுகிறது. அந்தப் பலத்தை நான் அன்றுதான் பயத்தோடு பார்த்தேன்.

சனிக்கிழமை கூடுவாஞ்சேரிக்கு வாருங்கள், பார்த்துவிடலாம் என்றேன். வேண்டாம் என்றார். இன்னொரு தரம் இல்லாமல் போனால் தாங்க முடியாது என்று மட்டும் சொன்னார்.

டீச்சர்தான் முடித்துவைத்தார். "நான் போறேங்க. நீங்க வரலேன்னா நானும் சாரும் பாத்துட்டு வரோம்."

மாஸ்டர் வந்தார்.

கூடுவாஞ்சேரி

தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் போனோம். காட்சிக்கு முன்பே நான் ஆபரேட்டரைப் பார்த்து, எட்டாவது ரீல் உண்டா என்று கேட்டேன். பெட்டியைத் திறந்து தகர டப்பாவைக் காட்டினார். என்ன சார், சொந்தக்காரங்க யாராச்சும் நடிச்சிருக்காங்களா என்று சிரித்தார்.

நாற்காலி வகுப்பில் மூவரும் உட்கார்ந்தோம். மாஸ்டர் திரையைப் பார்க்காமல், முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த குழந்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது ரீலுக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. முறுக்கு விற்றார்கள். மறுபடி இருட்டானது.

ஒரு அறை. நரைமுடி வைத்த அப்பா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே மருமகன். மகளைத் திட்டி அனுப்பியவன். அப்பா கெஞ்சவில்லை. கோபப்படவும் இல்லை. மகள் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூங்குவாள், எந்தக் காய் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, இடி இடித்தால் என்ன செய்வாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். இதையெல்லாம் சொல்லாமல் அவளை உன்னிடம் கொடுத்துவிட்டேன், தப்பு என்னுடையது என்பதுபோல. கதவுக்குப் பின்னால் மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போனதற்குக் காரணம் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது.

டீச்சரின் உதடுகள் வசனத்தோடு கூடவே அசைந்தன.

எங்களுக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா தன் துணைக்கு வந்தவளிடம், "யாருடி இந்த ஆளு, புதுசா கீறாரு?" என்று கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை.

"எங்க வீட்டுக்காரர்," என்றார் டீச்சர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றோம். மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"இப்பச் சொல்லுங்க சார். எப்படி இருந்தது?"

நன்றாக இருந்தது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் கேட்ட விதம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நான் பார்த்த படங்களில் இவ்வளவு தாழ்ந்த குரலில் ஒரு அப்பா பேசிக் கேட்டதில்லை என்றேன். அது நிஜம். கடைசியில் துண்டால் கண்ணைத் துடைத்தது மட்டும் வேண்டாம் என்றேன். அதுவும் நிஜம்.

மாஸ்டர் முகம் மலர்ந்ததை அப்போதுதான் பார்த்தேன். "நானும் வேண்டாம்னுதான் சொன்னேன் சார். டைரக்டர் கேக்கலை."

பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக நின்றார். "ஆனா திங்கட்கிழமைக்கு வரலைன்னு எழுதிப் போட்டுட்டேனே எஸ்தர்."

டீச்சர் பையைத் திறந்து கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

ஆசிரியரும் நானும்

திங்கட்கிழமை காலை மாஸ்டர் ரயிலில் என் பெட்டியிலேயே ஏறி, கோடம்பாக்கத்தில் இறங்கிப் போனார். அன்று மாலை நான் ஆசிரியரைப் பார்க்கப் போனேன்.

நடந்ததைச் சொன்னேன். நான் எழுதியது தவறு என்று ஒரு பத்தி எழுதிக் கொண்டுவந்திருந்தேன். ஆசிரியர் நல்ல மனிதர்தான். ஆனால் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். டென்டில் பார்த்து எழுதினோம் என்று நாமே போட்டால் நாளைக்கு எவன் மதிப்பான், அடுத்த படத்தில் அவரை இரண்டு வரி புகழ்ந்து சரிக்கட்டிவிடுங்கள் என்றார். பார்க்காத நடிப்பைத் திட்டியதற்குப் பரிகாரம் பார்க்காத நடிப்பைப் புகழ்வதா என்று கேட்டேன். வாக்குவாதம் ஒரு மணி நேரம் போனது. கடைசியில் என் பத்தி வரும் அதே இடத்தில், அதே எழுத்தில் போட்டார். அதற்குப் பிறகு ஆறு வாரம் எனக்கு எழுத இடம் தரவில்லை. அதில் எனக்குக் குறையில்லை.

அச்சில் வந்தது இவ்வளவுதான்: குறிப்பிட்ட படத்தில் ஒரு ரீல் ஓட்டப்படாத காட்சியை நான் பார்த்தேன். அதை அறியாமல், தந்தையாக நடித்தவரைப் பற்றி எழுதினேன். அந்த ரீலை இப்போது பார்த்தேன். படத்தின் சிறந்த காட்சி அதில்தான் இருக்கிறது.

படத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. சொன்னாலும் யாருக்கும் நினைவிருக்காது.

ஹெட்மாஸ்டர்

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, மாஸ்டர் ஹெட்மாஸ்டராக நடித்த படம் வந்தது. முதல் நாள், மவுண்ட் ரோட்டில் பார்த்தேன். ரீல் கணக்கும் நேரமும் சரியாக இருந்தன. மாஸ்டர்தான் சரியாக இல்லை. நிஜத்தில் வாத்தியாராக இருப்பவர், திரையில் வாத்தியாராக நடித்துக் காட்டினார். பிரம்பை ஆட்டினார். குரலை உயர்த்தினார். வசனத்தை ஒப்பித்தார்.

அட்டையை மடியில் வைத்துக்கொண்டு தாம்பரத்திலிருந்து சைதாப்பேட்டை வரை ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டுவிடுவது இன்னொரு ரீலை எடுத்துவிடுவது மாதிரி. எழுதினேன். ஏளனம் இல்லாமல், என்ன பார்த்தேனோ அதை எழுதினேன். முந்தைய படத்தில் தாழ்ந்த குரலால் சாதித்தவர் இதில் ஏன் கத்துகிறார் என்று கேட்டிருந்தேன்.

பத்திரிகை வந்த வாரம் அந்தத் தெரு வழியாகப் போவதைத் தவிர்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். சாப்பாட்டு மேசையில் பத்திரிகை என் பத்தி வந்த பக்கத்தில் திறந்து கிடந்தது. இந்த முறையும் பென்சில் கோடு இருந்தது.

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரிகளை எனக்கே ஒரு தரம் படித்துக் காட்டினார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிரம்பு வேண்டாம்னு இவளும் சொன்னா சார்," என்றார். "பரவாயில்லை. இந்தத் தடவை பாத்துட்டு எழுதியிருக்கீங்க."